சின்னக் குழி, பெரிய குழி

பகல் முழுக்கப் பிறர் வாய்க்குள் விளக்கடித்துப்
பல்லிடுக்கில் காரை சுரண்டுவது என் பிழைப்பு.
மாலையில் பித்தளைக் கூடுகள்.
இவற்றுக்கு வாய் பார்த்துப் பயனில்லை,
கவிழ்த்துப் போட்டு அடி பார்க்க வேண்டும்.

நாற்பத்தைந்து காலிபர்.
ஒரே உயரம், ஒரே இடுப்பு, ஒரே மினுக்கு.
விளிம்பில் பொறித்த கம்பெனிப் பெயரும்
சில நேரம் ஒன்றேதான்.
பிரைமர் உட்காரும் குழி மட்டும்
ஒன்றுக்கு அகலம், ஒன்றுக்குக் குறுகல்.
வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை.
காந்தம் உதவாது. சல்லடை உதவாது.
கண்தான்,
அதுவும் எட்டு மணி நேரம் கடைவாய் பார்த்த கண்.

பக்கத்து வீட்டு ஆர்லிஸ் க்வான்பெக்
மரலாரி ஓட்டுகிறவன். அவனுக்குப் பொறுமை
ஐடஹோ மலைச்சாலைகளிலேயே தீர்ந்துவிடும்.
சுடுதளத்தில் கிடப்பதையெல்லாம் வாளியில் அள்ளி வருவான்,
பிரிக்க மாட்டான்.
செப்டம்பரில் ஒருநாள் நெம்புகோல் பாதியில் நின்றது.
நின்றால் ஏன் என்று பார்க்க வேண்டாமா?
அழுத்தினான்.
சின்னக் குழிக்குள் பெரிய பிரைமர்.
பட்.
வேலிக்கு இந்தப் பக்கம் என் காபி தளும்பியது.
நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தான்.
மூன்று நாள் அவன் இடது காதில் ஒரு வண்டு.

அதன் பிறகுதான் உட்கார்ந்து பிரித்தான்,
பிரித்ததைப் பெயின்ட் டப்பாவில் கொட்டி
என் வாசலில் வைத்தான்:
'ரோவெனா, இந்தச் சனியன்களைக் காயலான் கடைக்குப் போடு.'

போடவில்லை.
வாதுமை ஓட்டுத் தூளில் இரவெல்லாம் சுழலவிட்டேன்.
காலையில் தானியம் அளப்பதுபோல் கையில் அள்ளினேன்,
அறுநூற்றுப் பதினொன்று.
என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.
என்னிடம் இருந்ததும் பெரிய பிரைமர்தான்.

டிசம்பரில் கடைக்காரி மார்வெலா கையை விரித்தாள்.
பெரியது இல்லை. எப்போது வரும், தெரியாது.
சின்னது உண்டு,
ஆளுக்கு இரண்டு பெட்டி.

அன்று மாலையே கதவு தட்டப்பட்டது.
பூட்ஸில் பனி, கையில் காட்டுமான் தொத்திறைச்சிப் பொட்டலம்.
குளிரைப் பற்றிப் பேசினான்.
பாலத்தில் உறைபனி என்றான்.
லாரிக்குச் சங்கிலி மாற்றியதைச் சொன்னான்.
பிறகு என் ஃபிரிட்ஜைப் பார்த்தபடி,
'அந்த டப்பா…'
'எந்த டப்பா?'
'பெயின்ட் டப்பா.'
'அந்தச் சனியன்களா?'
காது சிவந்தது. இடது காதுதான்.

பாதி உனக்கு, பாதி எனக்கு என்றேன்.
தலையாட்டினான்.
ஆனாலும் இன்னொரு முறை பார்த்துவிடுவோம்,
உன் கண்ணை நான் நம்பவில்லை.

சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.
கேக் தட்டின் குழிகளில் பத்துப் பத்தாக நிற்கவைத்தோம்.
கூடு விட்டுக் கூடு பாய்வார்கள் கதைகளில்.
இங்கே கூடு அப்படியே இருக்கும்,
உயிர்தான் வந்து வந்து போகும்.
இது ஐந்தாவது பிறவி, இது ஏழோ என்னவோ.
இதோ இதற்கு வாயோரம் மயிரிழைப் பிளவு,
இனிப் பிறவியில்லை.
எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தேன்.

நடுவில் மூன்று பெரிய குழி அகப்பட்டது.
அவன் பிரித்த லட்சணம்.
ஒன்றும் சொல்லாமல் அவன் முன்னால் தள்ளினேன்.
அவனும் ஒன்றும் சொல்லாமல்
நான் எண்ணிய பத்தில் இருந்து ஒன்றை எடுத்து
விளக்குக்குக் கீழே திருப்பிக் காட்டினான்.
நாலாவது.

சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.
அந்த ஆட்டத்தில் மேசை குலுங்க
ஒரு கூடு விழுந்து
அடுப்புக்கு அடியில் உருண்டது.
வெகுநேரம் உருண்டது,
சின்னதா பெரியதா என்று
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.